மூன்றாம் பாடம்

இணுவில்
09.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

கையில் போன் இருக்க இவள் ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் நான் எந்த அறைக்குள் இருந்து கதைத்தாலும் அம்மாவுக்குக் கேட்கும். கண் மங்கிப் போனாலும் காதுக்கு ஒரு குறையும் இல்லை. "ஆர், சிவகரனோ? இஞ்சை கொண்டா" என்று போனை வாங்கிவிடுவார். நான் எழுதப்போவது அம்மாவின் காதுக்குப் போகக்கூடாத விடயம். நீங்களும் பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கே எழுதுங்கள்.

போன புதன்கிழமை எங்கள் ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'களம் கற்பித்த தலைமை. லண்டனிலிருந்து காணொளி மூலம் உரையாற்றுபவர் கனகரத்தினம் சிவகரன். இடம் கொக்குவில்.' அட, எங்கள் அண்ணை என்று சந்தோசப்பட்டுக் கிட்டப் போனேன். கீழே தம்பியின் படம். ஓ.எல். சோதனை எடுத்த வருடம் பள்ளிக்கூட உடுப்போடு பிடித்த படம், அம்மா மட்டையில் ஒட்டிக் கையில் பிடித்துக்கொண்டு காணாமல் ஆக்கப்பட்டோரின் போராட்டப் பந்தலில் நிற்கிற அதே படம். 'களத்தில் உயிர்நீத்த தன் தம்பி டிலக்ஷனின் இறுதி நாளிலிருந்து ஒரு பாடம்' என்று போட்டிருந்தது.

என் தம்பி செத்துப்போனான் என்பதை நான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் வாசித்துத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற விஞ்ஞான ரீச்சர், "உங்கடை தம்பியோ? நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார். "ஓம்" என்று சொல்லிவிட்டு ஏழாம் வகுப்புக்குப் போய்ச் சரித்திரம் படிப்பித்தேன். என்ன படிப்பித்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

உங்களுக்கு இங்கத்தைய நிலைமை மறந்திருக்கும், சொல்கிறேன். கிராம சேவையாளர் வாக்காளர் பதிவுக்கு வரும்போதெல்லாம் அம்மா தம்பியின் பெயரை வெட்ட விடமாட்டார். "அவன் வெளியிலை நிக்கிறான், வருவான்" என்பார். ஆட்கள் வந்து அங்கே கண்டோம், இங்கே கண்டோம் என்று சொன்ன கதையெல்லாம் கேட்டுக் கேட்டு, இப்போது எவரையும் நம்புவதில்லை. ஆனால் அவன் இல்லை என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுவார். அவனுக்கு அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. மீனும் இறைச்சியும் சமைக்கிற மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு, செவ்வாய் வெள்ளியில் மச்சம் தொடக்கூடாது என்று அம்மா பார்க்கிற பார்வையும் அப்படியே இருக்கிறது. நீங்கள் அங்கே எந்தக் கிழமையும் பார்க்காமல் கோழி தின்றுவிட்டு, "ஓமம்மா, இண்டைக்கு மரக்கறிதான்" என்று போனில் சொல்வது எனக்குத் தெரியும்.

ஆர் உங்களுக்குச் சொன்னது? எப்போது? உண்மைதானா? உண்மையென்றால், அதை எங்களுக்குச் சொல்லாமல் மண்டபத்துச் சனத்துக்கு எப்படிச் சொல்லத் துணிந்தீர்கள்? உங்கள் வாயால் ஒரு சொல் எனக்குச் சொல்லியிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

அந்த நிகழ்ச்சியை நிறுத்துங்கள். அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

தங்கச்சி
சுபாஜினி


லண்டன்
26.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் ரயிலில் பிரித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள். நான் தம்பியை வைத்துப் பெயர் எடுக்கவில்லை. பேருந்துக் கம்பனியில் மேற்பார்வையாளர்களுக்குத் தலைமைத்துவம் பயிற்றுவிப்பது என் தொழில். வெள்ளைக்காரன் தன் தளபதிகளை உதாரணம் காட்டுகிறான். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் ஆரைக் காட்டுவது? ஆறு பாடங்களாக வகுத்திருக்கிறேன். முதலாவது, யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் எப்படி விழுந்தது, உள்வீட்டுச் சண்டை ஒரு படையை எப்படித் தின்னும் என்பது. இரண்டாவது, உக்ரேன் போரில் சின்னச் சின்ன அணிகளுக்கு முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்ததால் வந்த பலன். எரிபொருள் வரிசையில் நாடு நின்ற வருடத்தைப் பற்றியும் ஒரு பாடம் இருக்கிறது. மூன்றாவதுதான் தம்பி.

போன சித்திரையில் இங்கே ஒரு கலியாண வீட்டில் ஜெயரூபன் என்று ஒருவனைச் சந்தித்தேன். என் பெயரைக் கேட்டதும், "இணுவிலோ? டிலக்ஷன் அண்ணையின்ரை தமையனோ?" என்று கையைப் பிடித்தவன் விடவில்லை. கடைசிக் காலத்தில் தம்பியின் அணியில் நின்றவன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலில் கிடந்தார்களாம். 2009 மே பதினைந்தாம் திகதி, வெள்ளிக்கிழமை. தம்பிதான் பொறுப்பாளன். மற்றவர்கள் எல்லாம் மீசை அரும்பாத பெடியள். கஞ்சியும் முடிந்து வயிறு ஒட்டிக் கிடந்த நேரம். சனம் விட்டுப்போன பங்கர் ஒன்றுக்குள் ஜெயரூபன் ஒரு ரின்மீன் எடுத்து வந்திருக்கிறான். தம்பி தகரத்தை உடைத்து, மீனை ஒவ்வொருவர் கையிலும் பங்கு வைத்தான். தனக்கு வைக்கவில்லை. "அண்ணை, உங்களுக்கு?" என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு, "நீங்கள் சாப்பிடுங்கோ. நான் நாளைக்குச் சாப்பிடுறன்" என்றானாம். பொழுது சாய்கிற நேரம், "இனி இஞ்சை கிடந்து சாகாதேங்கோ. சனத்தோடை சேர்ந்து போங்கோ. நீங்கள் முன்னாலை போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்று எல்லோரையும் அனுப்பியிருக்கிறான். அவர்கள் கொஞ்சத் தூரம் போக, அவன் நின்ற இடத்தில் ஷெல் விழுந்தது. ஜெயரூபன் திரும்பி ஓடி வந்து பார்த்து, கையால் மணலை அள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்குச் சந்தேகமே இல்லை, சுபா.

தலைவன் கடைசியில் உண்பவன் என்பதே என் மூன்றாம் பாடம். பசியின் நடுவில் 'நாளைக்கு' என்று ஒரு சொல்லைக் கொடுத்தான் பார், அதுதான் நம்பிக்கை ஊட்டுவது. இதைச் சொல்லும்போது மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும்.

ஏன் உங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்கிறாய். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லத்தான் போன் எடுப்பேன். அம்மா 'சாப்பிட்டியோ' என்று கேட்டு முடிய, "தம்பியைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனியோ?" என்பார். அந்தக் கேள்விக்கு என் வாயால் பதில் வராது. முன்பின் தெரியாத முந்நூறு பேருக்குச் சொல்ல முடிந்தது எனக்கு, அம்மாவுக்குச் சொல்ல முடியவில்லை. இதற்கு ஒரு காரணமும் என்னிடம் இல்லை.

நிகழ்ச்சியை நிறுத்த முடியாது. மண்டபம் எடுத்துவிட்டார்கள், பள்ளிக்கூடங்களுக்கு அழைப்பும் போய்விட்டது. ஆனால் படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன். பெயரையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிவுசெய்து அனுப்புகிறேன். 'ஒரு பொறுப்பாளன்' என்று மட்டும் இருக்கும். தம்பி என்றும் சொல்லமாட்டேன். ஆருக்கும் விளங்காது.

அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

அண்ணா
சிவகரன்


இணுவில்
20.03.2025

அண்ணை,

நீங்கள் சொன்னபடியே செய்திருந்தீர்கள். பழைய நோட்டீசைக் கிழித்துப் புதிது ஒட்டினார்கள், படம் இல்லை. யூரியூப்பில் வந்த பேச்சை முதலில் நான் தனியாக இருந்து கேட்டேன். பெயர் இல்லை, ஊர் இல்லை. நல்லாய்த்தான் பேசுகிறீர்கள், கோபத்தோடு கேட்ட எனக்கே பிடித்திருந்தது. இதனால் ஒரு தீங்கும் வராது என்று நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கஜானி ஓடிவந்தாள். "அன்ரி, சிவகரன் மாமா யூரியூப்பிலை கதைக்கிறார்!" அம்மாவுக்குப் பிடிபடாத சந்தோசம். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் அங்கிருந்து தன்னைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது போல நேராக இருந்தார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

யாழ்ப்பாண இராச்சியத்துச் சங்கிலியன் கதை வந்தபோது, "உவன் சின்னனிலையே வாய்க்காரன்" என்று கஜானிக்குப் பெருமையாகச் சொன்னார். உக்ரேன் வந்தபோது கொஞ்சம் கண் சொக்கியது. பிறகு ரின்மீன் வந்தது. அம்மா கண்ணைத் திறந்தார். நீங்கள் அந்தப் பாடத்தை முடித்து அடுத்ததுக்குப் போய்விட்டீர்கள். அம்மா மட்டும் அங்கேயே நின்றுவிட்டார்.

"சுபா, அது என்ன கிழமையெண்டு சொன்னவன்?"

ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "வெள்ளிக்கிழமை" என்றேன்.

"திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். 'நான் நாளைக்குச் சாப்பிடுறன்' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கஜானியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, என் முகத்தை வடிவாகப் பார்த்துக் கேட்டார்.

"அது எங்கடை டிலக்ஷன்தானே?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன், அண்ணை. அழுதுவிட்டேன், அதுதான் பதிலாய்ப் போய்விட்டது.

சமாதான காலத்தில் பாதை திறந்திருந்தபோது நானும் அம்மாவும் கிளிநொச்சிக்குப் போய் அவனைப் பார்த்தோம் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். நான் சோடா வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் அம்மா அவன் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்கே இப்போதுதான் தெரியும். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் அவனை வா எண்டு கேக்கேல்லை. கேட்டாலும் வரான். செவ்வாய் வெள்ளியிலை மச்சம் தொடமாட்டன் எண்டு சொல்லு, எங்கடை இணுவில் கந்தன் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவான் எண்டன். பகிடி பண்ணிச் சிரிச்சான். பிறகு, ஓமம்மா, எங்கை நிண்டாலும் தொடமாட்டன், சனிக்கிழமை சேர்த்துச் சாப்பிடுறன் எண்டவன். அவன் நாளைக்குச் சாப்பிடுறன் எண்டது சனிக்கிழமையையடி."

நான் உங்கள் பாடத்துக்காகக் கொஞ்சம் வாதாடினேன். பெடியளுக்குக் காணாது என்று நினைத்தும் தனக்கு வைக்காமல் விட்டிருக்கலாம்தானே என்றேன். "அதுவும் இருக்கும். அவன் குடுக்கிற பிள்ளைதான்" என்றார். பிறகு சொன்னதுதான் என்னை அன்று தொடக்கம் போட்டு வாட்டுகிறது.

"இவ்வளவு நாளும் வந்தவையெல்லாம் ஆரோ ஒரு வீரனைப் பற்றித்தான் சொன்னவை. அது என்ரை பிள்ளையெண்டு எனக்குத் தெரியேல்லை, நம்பேல்லை. இண்டைக்குத்தான் என்ரை பிள்ளையைக் கண்டன். ஒரு துண்டு மீன்தானே சுபா. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அதைத் திண்டுபோட்டாவது போயிருப்பான். நான் சொன்னதுக்காகப் பட்டினியாய்ப் போயிட்டான்."

அப்படி இல்லை அம்மா, அப்படி இல்லை என்று எத்தனை தரம் சொன்னேன். அம்மா கேட்கிற மாதிரியே இல்லை.

மறுநாள் காலை தலை தோய்ந்துவிட்டு வந்து, கீரிமலையில் அந்தியேட்டி செய்ய வேண்டும் என்றார். கிராம சேவையாளரிடம் போய்ப் பெயரை எடுக்கச் சொல்லச் சொன்னார். அதைச் சொல்லும்போது அழவில்லை. "மூத்தவன் வந்து செய்யட்டும். அவன்தானே தலைப்பிள்ளை" என்றார்.

வாருங்கள், அண்ணை. தம்பிக்காக என்று கேட்கவில்லை. அம்மாவை இப்போது தண்ணீர் குடிக்கக்கூட நான் வற்புறுத்த வேண்டியிருக்கிறது. உங்களைக் கண்டால் ஒரு பிடி சாப்பிடுவார்.

சுபா


லண்டன்
06.04.2025

சுபா,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது எத்தனையாவது என்று தெரியாது.

விளக்கம் சொல்லும் பழக்கத்தில் மூன்று காரணங்கள் எழுதி வைத்திருந்தேன். லீவு, வேலை, சின்னவளின் சோதனை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். காரணம் ஒன்றுதான். எனக்குப் பயம்.

ரிக்கற் பார்த்தேன். விசாப் படிவத்தில் பெயரை அடித்தேன். பிறந்த இடம் என்று கேட்ட கட்டத்தில் கை நின்றுவிட்டது. வலிகாமம் இடம்பெயர்ந்த வருடம் நான் கொழும்பில் பிடிபட்டு இருந்த அந்தக் கிழமைகளைப் பற்றி உங்கள் ஒருவருக்கும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். இப்போது எத்தனையோ பேர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, படம் எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள் என்பது தெரியும். புத்திக்குத் தெரிகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு அதிகாரி என் கடவுச்சீட்டைக் கொண்டு உள்ளே போவதை நினைத்தால் உடம்பு முழுக்க வேர்க்கிறது. தலைமைத்துவத்தில் என் முதல் வசனமே 'பயத்தை முன்னால் விடாதே' என்பது. அதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதே பேச்சு. முதலாம் பாடம் சொன்னேன், இரண்டாம் பாடம் சொன்னேன். மூன்றாவதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே நான்காவதுக்குப் போய்விட்டேன். ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "அங்கிள், மூன்றாவது எங்கை?" என்றது. நான் கேட்காதது போலப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அம்மா என்னிடமும் அதே கிழமைகளைத்தான் பார்க்கச் சொன்னார். அடுப்பு இருந்தது, கடை இருந்தது, குளிர்ப்பெட்டி நிறைய மரக்கறி இருந்தது. நான் பொய் சொன்னேன். ஷெல்லுக்குள் பசியோடு கிடந்தவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அவனைப் பற்றி நான் ஊருக்குப் பாடம் எடுத்தேன். இதை நினைக்க எனக்கு என்னிலேயே வெறுப்பாக இருக்கிறது.

பேச்சை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். இனி அதைப் பேசவும் மாட்டேன்.

பெரியப்பாவின் மகன் முருகேசு அண்ணையிடம் கேட்டுப் பார். அவர் என்னிலும் மூத்தவர், அவர் செய்தால் பிழை இல்லை என்று நினைக்கிறேன். அம்மாவிடம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொல். இல்லை, வேண்டாம். உனக்குச் சரியென்று பட்டதைச் சொல்.

என்னை மன்னி என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

சிவகரன்


இணுவில்
17.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுக்க வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் மறைத்தது காணும் என்று நினைத்தேன்.

கொழும்பில் பிடிபட்ட இடம் வந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாசித்து முடியும்வரை விடவில்லை. பிறகு சொன்னார்.

"வரவேண்டாமெண்டு எழுது. பயமெண்டால் வரவேண்டாம். சின்னவன் பயப்பிடாமல் போனவன். ஒரு பிள்ளையெண்டாலும் எனக்குப் பயந்துகொண்டு உயிரோடை இருக்கட்டும்."

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தோடு போய்விட்டது. உங்கள் ஆறு பாடத்திலும் இது இல்லை, அண்ணை.

முருகேசு அண்ணைதான் செய்தார். கீரிமலையில் அன்றைக்குக் கடல் நல்ல அமைதி. எலும்பு இல்லை, சாம்பல் இல்லை, தர்ப்பையில் ஆள் கட்டித்தான் கிரியை நடந்தது. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அம்மா "டிலக்ஷன், விசாகம்" என்று பிசிறில்லாமல் சொன்னார். அவனுடைய பெயரை வெளி ஆள் ஒருவருக்கு அம்மா சொல்லி, 'வருவான்' என்று சேர்க்காதது அதுதான் முதல் தடவை. நான்தான் போய்க் கல்லில் இருந்துவிட்டேன்.

வீட்டில் படையல் வைக்கிற நாளில்தான் பிரச்சினை வந்தது. அம்மா வெள்ளிக்கிழமை என்றார். ஐயர் அதற்குச் சரி என்றார். மீன் வைக்கப்போகிறேன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "வெள்ளியிலை மச்சமோ? ஒரு நாள் தள்ளி, சனிக்கிழமை வையுங்கோவன்" என்றார். முருகேசு அண்ணையும் தலையாட்டினார். நானும்தான், பொய் சொல்வானேன். வாழ்க்கை முழுக்க வெள்ளியில் கருவாட்டு வாசமே படக்கூடாது என்று நின்ற மனுசி.

"ஐயா, அவன் சனிக்கிழமைக்கு இருக்கேல்லை" என்றார் அம்மா.

சந்தையில் மீன் விற்கிற செபஸ்தியம்மாவிடம் அம்மா தானே வந்து கேட்டார். அவவுக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியும். "என்னம்மா, இண்டைக்கு வெள்ளியெல்லே? மறந்துபோனியளோ?" என்றா. "இல்லைப் பிள்ளை, நினைவிருந்துதான் வந்தனான்" என்றார் அம்மா. சூடையும் ஒட்டியும் வாங்கினோம். அவனுக்குப் பிடித்தது அதுதான், ஒட்டியில் குழம்பு, சூடையில் பொரியல். வழியில் சந்தியில் பெடியள் சிரட்டையில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அம்மா ஒரு சிரட்டை வாங்கினார். குடிக்காமல், சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அதையும் படையலில் வைத்தார்.

மச்சச் சட்டியை வெள்ளிக்கிழமையில் அடுப்பில் ஏற்றியதை நேற்றுத்தான் கண்டேன். நான் உதவிக்குப் போனேன், விடவில்லை. எல்லாம் தானே சமைத்தார்.

சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் எடுத்துவிட்ட பேச்சைத் திருப்பிப் போடட்டாம். அம்மா சொன்னது இது. "ஆரோ பெத்த பிள்ளையள் கேட்டுக் குடுத்துத் திண்டு நல்லாய் வரட்டும். அவன் அவையளுக்குத் தலைவனாய் இருந்துபோட்டுப் போகட்டும். நாளைக்குச் சாப்பிடுறன் எண்டதை மட்டும் எடுத்துவிடச் சொல்லு. அது எனக்குச் சொன்னது."

படையலை வைத்துக் கும்பிட்டுவிட்டு, அவன் வந்து சாப்பிட்டுப் போக, வழக்கம்போல அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியில் இருந்தோம். முருகேசு அண்ணை திருவாசகம் படித்தார். அம்மா கேட்கவில்லை. கதவோடு ஒட்டி, நிலத்தில் இருந்து, பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். அழவில்லை. சின்னக் குரலில், அவன் பள்ளிக்கூடத்தால் பசியோடு வந்து அவசரப்பட்டுச் சாப்பிடுகிற நாட்களில் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆறுதலாய்ச் சாப்பிடு ராசா. முள்ளுப் பாத்துச் சாப்பிடு."

சுபா